யார் கையில் இருந்தால் பிள்ளை பிழைக்கும்?

மூன்றாமாண்டு, அமைப்பியல் (சிவில்)

போன வருஷ மலருக்கு நான் கொடுத்தது ஒரு காதல் கவிதை. "தம்பி, இதோட சேர்த்து பதினோரு நிலாக் கவிதை வந்திருக்கு" என்று சொல்லி மலர்க்குழு திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்த வருஷம் கவிதை எழுதுகிற மனநிலை எனக்கு இல்லை. காரணம் ஒரு பிளாஸ்டிக் வாளி.

எங்கள் ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். அக்காவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, குளிக்கிற இடம் எட்டு வீட்டுக்கும் பொது. அக்காவுக்குப் பதினான்கு மாதத்தில் ஒரு பையன். போன தை மாதம் ஒருநாள் காலை பத்தரை மணி இருக்கும். மச்சான் ஷிப்டுக்குப் போய்விட்டார். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவள், பருப்பு பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குள் பையன் வாளிக்குள் தலைகீழாகக் கிடக்கிறான். வாளியில் தண்ணீர் ஒரு முழம்கூட இல்லை.

அவனை வாளியிலிருந்து தூக்கியது அக்கா இல்லை. எதிர் வீட்டில் குடியிருக்கிற ஒடிசாக்கார அம்மா. நைட் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ஒரே எட்டில் வந்து தூக்கிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஒடியா தெரியாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் கத்தியிருக்கிறார்கள். யாரோ பைக்கை எடுத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், தனிக்குடித்தனம் வேணாம்னு. கூட்டுக் குடும்பமா இருந்தா பிள்ளை வாளியில விழுமா?" அதையே அத்தை சொன்னார், சித்தப்பா சொன்னார், பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா சொன்னது உண்மையா என்று பார்த்துவிடவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். பாடப் புத்தகத்தை இவ்வளவு கவனமாக நான் என்றைக்கும் படித்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்!

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தேன். அப்பத்தா இருந்தது அசல் கூட்டுக் குடும்பம். ஒரே அடுப்பு, பதினெட்டு பேர் சாப்பாடு. அப்பத்தாவிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால் "ஒம்போது" என்பார். எத்தனை இருக்கு என்றால் "நாலு தங்குச்சு". தங்குச்சு! செத்துப்போச்சு என்ற வார்த்தையை அந்தக் காலத்துத் தாய்மார் சொல்லமாட்டார்கள். பிள்ளை தங்கவில்லை என்பார்கள், விருந்தாளி கிளம்பிப் போனதுபோல.

உங்கள் வீட்டு வயசாளிகளின் பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குப்பன், குப்பம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி. இதெல்லாம் கேலிப் பெயர் இல்லை. மூத்த பிள்ளைகள் வரிசையாகப் போய்விட்டால், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, யாருக்கும் வேண்டாத பொருள் மாதிரி ஒரு பெயரை வைப்பார்கள். எமன் கண்ணில் படாமல் தப்பட்டும் என்று. எங்கள் தாத்தா பெயர் பிச்சை. அவருக்கு முன்னால் மூன்று பேர் தங்கவில்லை. வீடு நிறைய ஆள் இருந்த காலத்தில்தான் இந்தப் பெயர்களும் ஊர் நிறைய இருந்தன. இதைப் பெரியப்பாவுக்கு யாராவது சொல்லவேண்டும். (நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசமாட்டோம்.)

நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1990-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எண்பது முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது இருபத்தெட்டு. தமிழ்நாட்டில் பதிமூன்று, கேரளத்தில் ஆறு. இந்த முப்பது வருஷமும் பாகப்பிரிவினையும் தனிக்குடித்தனமும் பெருகிய வருஷங்கள்தான். தடுப்பூசி வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. 1982-ல் சத்துணவு வந்தது. 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. சாவு குறைந்ததில் பெரிய பங்கு இவற்றுக்குத்தான்.

அப்படியானால் குடும்பம் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அங்கே சில கிராமங்களில் இயன் மெக்ரிகார் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1950-லிருந்து பிறப்பு, இறப்பு, பிள்ளைகளின் எடை, உயரம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அந்தக் காலத்தில் அங்கே நூற்றுக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 1975-ல் நிரந்தரமாக மருத்துவ நிலையம் வந்தது. சாவு மளமளவென்று சரிந்தது. ஆகவே 1974 வரையிலான குறிப்பேடுதான் நமக்கு வேண்டியது. டாக்டர் என்ற பெரிய ஆள் களத்தில் இறங்காதபோது, வீட்டில் இருப்பவர்களில் யாரால் பிள்ளை பிழைத்தது என்று அதில் பார்க்கலாம்.

ரெபெக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் பார்த்தார்கள். முடிவை 2000-ல் வெளியிட்டார்கள். தாய் இல்லாத கைக்குழந்தை பிழைப்பது அரிது. அது யாருக்கும் தெரிந்ததுதான். பால்குடி மறக்கிற வயதில் பிள்ளையைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அம்மாவைப் பெற்ற பாட்டி. நம் பாஷையில் அம்மாச்சி. அம்மாச்சி உயிரோடிருந்த பிள்ளைகளுக்கு எடையும் கூட, பிழைத்தவர்களும் கூட. அடுத்ததாக மூத்த அக்கா. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போய்த்தான் வாழ்கிறாள். ஒரே வளவில் இருப்பவர் மாமியார்தான்.

அந்தக் கிராமங்களில் மட்டும் அப்படியோ என்று சந்தேகம் வரும். அதே இருவரும் 2008-ல் உலகம் முழுக்க நாற்பத்தைந்து சமூகங்களின் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். தாய் போனால் பிள்ளைக்கு ஆபத்து, எல்லா இடத்திலும். தாய்வழிப் பாட்டி பெரும்பாலான இடங்களில் பிள்ளைக்குப் பலம். தந்தைவழிப் பாட்டி இடத்துக்கு இடம் மாறுகிறார். ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரத்தில் க்ரும்ஹார்ன் என்ற பகுதியில் 1720 முதல் 1874 வரை தேவாலயப் பதிவேடுகள் இருக்கின்றன. ஃபோலாண்ட், பைஸே என்ற இருவர் அதை எண்ணிப் பார்த்து 2002-ல் எழுதினார்கள். அங்கே மாமியார் உயிரோடிருந்த வீடுகளில் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்த சிசுக்கள் அதிகம்! கர்ப்பிணி மருமகள் மேல் ஏற்றிய வேலையும் வீட்டுக் கசப்பும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். நம் டி.வி. சீரியல்காரர்கள் அடுத்த கதைக்கு ஜெர்மனிக்கும் ஒருநடை போய் வரலாம்.

மாமியார்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. என் அப்பத்தாவும் ஒரு மாமியார்தான். என் அம்மாவைத் தங்கமாக வைத்திருந்தார். நான் சொல்வது வேறு. 'கூட்டு', 'தனி' என்று குடும்பத்தை இரண்டு பெட்டியில் போட்டுவிட்டு எது நல்லது என்று பட்டிமன்றம் நடத்துகிறோமே, அந்தக் கேள்வியே தப்பு. வீட்டில் எத்தனை தலை என்று எண்ணுவதைவிட, பிள்ளை பெற்றவள் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் அவளுடைய மனுஷர் யாராவது இருக்கிறார்களா, அந்த வீட்டில் அவள் வாய் திறந்தால் கேட்பார் இருக்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளையின் உயிர் அதில்தான் தொங்குகிறது.

இது நம்மவர்களுக்குப் படிக்காமலே தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோமே, எதற்கு? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று யார் சட்டம் போட்டது? பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பெண்ணைத் திரும்ப அனுப்புகிறோம். பச்சை உடம்புக்காரிக்கு அந்த மூன்று மாதம் பத்தியச் சோறும் தூக்கமும் கிடைக்கிறது. "பெத்தவ இருக்கிற இடத்துல பெத்துக்கோ" என்று அம்மாச்சி சொல்வார். காம்பியா ஆராய்ச்சியும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

1983-ல் டைசன், மூர் என்ற இரண்டு பேர் இந்தியாவையே இந்தக் கண்ணால் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வடக்கே பல இடங்களில் பெண்ணைச் சொந்தத்தில் கொடுக்கக்கூடாது, சொந்த ஊரிலும் கொடுக்கக்கூடாது. முன்பின் தெரியாத ஊருக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிறவள், பிறந்த வீட்டோடு ஏறக்குறைய தொடர்பு அற்றுப்போகிறாள். தெற்கே அத்தை மகன், மாமன் மகன் என்று கட்டுகிறோம். மாமியாரே சொந்த அத்தை. பிறந்த வீடு பஸ்ஸில் அரை மணி. தெற்கில் குழந்தைச் சாவு குறைவாக இருப்பதற்கும், பெண் குழந்தை ஆண் குழந்தையைவிட அதிகமாகச் சாகிற கொடுமை இங்கே வடக்கின் அளவுக்கு இல்லாததற்கும் இந்த உறவுமுறை ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். இது ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாமல் கேரளம் ஆறுக்கு வந்திருக்காது. ஆனாலும் மருமக்கத்தாயமும் அங்கேதான் இருந்தது என்பதை மறக்கமுடியாது. அந்தத் தறவாடுகளில் பெண் தன் தாய்வீட்டிலேயே இருந்து பிள்ளை வளர்த்தாள்.

"பாத்தியா, நம்ம வழக்கம்தான் உசத்தி!" என்று மார் தட்டக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது.

ஒன்று, சொந்தத்தில் கட்டுவதற்குப் பிள்ளைகள் கொடுக்கிற விலை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்த உறவில் திருமணம் செய்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பரம்பரைக் குறைபாடுகள் பிள்ளைக்கு வருகிற ஆபத்து கூடுகிறது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் இன்னும் கூடுகிறது. என் வகுப்பில் படித்தவன் ஒருவனுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். எல்லாக் குறைக்கும் இதுவே காரணம் என்று சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொந்தத்தில்தான் கட்டவேண்டும் என்று கட்டாயமில்லையே. பக்கத்து ஊரில் அந்நியத்தில் கொடுத்தாலும் பஸ் அரை மணி நேரம்தான்!

இரண்டாவதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து உசிலம்பட்டி பக்கம். 1986-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை அங்கே பெண் சிசுக்களைக் கொல்வதைப் பற்றி எழுதியது. அதிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரன் ஒரு மாதிரி பார்க்கிறான். 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஹாஸ்டலில் என்னையும் ஒருத்தன் கேட்டான், "உங்க ஊர்ல கள்ளிப்பால் கொடுப்பாங்களாமே?" என்று. சேலம், தர்மபுரிப் பக்கமும் நடந்தது. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதே சேலத்தில்தான். ஆனால் பக்கத்து ஊரைக் காட்டி நம் ஊரை மறைக்க முடியாது.

அந்த வீடுகள் என்ன தனிக்குடித்தனமா? பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், நாத்தனார் இருந்தார். வீடு நிறைய ஆள். பெற்றவள் கேட்கப்படவில்லை. அல்லது கேட்டாலும் அவள் சொல்ல அஞ்சுகிற மாதிரி வைத்திருந்தார்கள். வரதட்சணையும் நகைக் கணக்கும் கண்முன் நின்றன. கூடியிருந்தவர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். பிறகு ஸ்கேன் வந்தது, முடிவு வயிற்றுக்குள்ளேயே நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஆள் நிறைய இருப்பதே காவல் ஆகாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007-ல் மத்திய அரசு பதிமூன்று மாநிலங்களில் நடத்திய ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பி விடப்பட்டவர்கள். 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. "மாமா மடியில உக்காரு"ன்னு பிள்ளையை வற்புறுத்தாதீர்கள் என்று சொன்னால் இன்றைக்கும் சொந்தத்தில் சண்டை வருகிறது. வரட்டும்.

இனி அப்பாமார் விஷயம். இந்த மலரைப் படிப்பவர்களில் முக்கால்வாசி ஆண்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மேலே சொன்ன நாற்பத்தைந்து கணக்குகளில் பலவற்றில் அப்பா இறந்ததால் பிள்ளையின் பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இதை ஹாஸ்டலில் சொன்னேன். "அப்ப நம்ம ஜாலியா இருக்கலாம்டா" என்று ஒருத்தன் கை தட்டினான். அவசரப்படாதே தம்பி! அப்பா போன வீட்டில் அம்மாச்சி வந்தார், மாமன் வந்தார், சித்தி வந்தார். வேறு கைகள் அந்த இடத்தை நிரப்பியதால் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். திருப்பூர் லைன் வீட்டில் அப்படி நிரப்ப யார் இருக்கிறார்கள்? அம்மாச்சி ஆண்டிபட்டியில் இருக்கிறார், பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். மாமனாகிய நான் ஹாஸ்டலில். அந்த ஒரு அறையில் அக்காவைத் தவிர இருக்கிற ஒரே பெரிய ஆள் மச்சான். ஆகவே அவர்தான் அங்கே அப்பா, அவரேதான் அம்மாச்சியும். பீத்துணி அலசுவதும், சோறு ஊட்டுவதும், அக்கா குளிக்கப் போனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. நம்மில் பலர் டிப்ளமோ முடித்து ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேர்ந்து, ஒரு அறை வீடு எடுத்து, கல்யாணம் செய்து அங்கே கூட்டிப்போகப் போகிறவர்கள்தான். கிரிக்கெட் பேட் பிடிக்கத் தெரிந்தால் போதாது, பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கவும் பழகவேண்டும்.

மச்சான் நல்லவர். ஆனால் ஓவர்டைம் என்று ஒன்று இருக்கிறது. பனிரெண்டு மணி நேர வேலைக்காரனிடம் போய் அம்மாச்சியாக இரு என்றால் அவன் எந்த நேரத்தில் இருப்பான்? இந்த இடத்தில்தான் நம் தொழில் வருகிறது.

இரண்டாம் வருஷ லீவில் கோவைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வேலையில் பயிற்சிக்கு இருந்தேன். கம்பி கட்டுவதும் சென்ட்ரிங் அடிப்பதும் பெரும்பாலும் பீகார், ஒடிசாக்காரர்கள். சித்தாள்களில் பாதிப்பேர் அவர்கள் மனைவிமார். அவர்களுக்குக் கூட்டுக் குடும்பமும் இல்லை, தனிக்குடும்பம் என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. தகரக் கொட்டகைதான். பிள்ளைகள் எங்கே என்கிறீர்களா? மணல் குவியலில். ஒரு வயதுப் பெண் குழந்தையின் இடுப்பில் சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைச் சாரக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் லிப்ட் குழி, மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. இந்தப் பக்கம் மூடி போடாத சம்ப். மேலே தளத்தில் கியூரிங்குக்காகப் பாத்தி கட்டிய தண்ணீர். கட்டிப்போட்டவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அவளுக்கு அந்த இடத்தில் கிடைத்த அம்மாச்சி அந்தக் கயிறுதான்.

1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண் தொழிலாளர் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று சொன்னது. எங்கள் சைட்டில் பெண்கள் நாற்பது சொச்சம். மேஸ்திரி கணக்கில் பிரித்துவிட்டால் பத்துப் பத்தாக நாலு கூட்டம்! 2020-ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு, ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் என்று எண்ணி விதி செய்ய இடம் கொடுத்தது. ரொம்ப சரி, பிள்ளை அம்மாவுக்கு மட்டுமா சொந்தம்? என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையே வேண்டாம் என்பேன். தண்ணீர் நிற்கும் குழி ஒன்றும் நடமாடும் பிள்ளை ஒன்றும் இருந்தாலே போதும், அறை வேண்டும். இது ஆகாத காரியம் ஒன்றும் இல்லை. 1969-லேயே டெல்லியில் மீரா மகாதேவன் என்ற பெண்மணி கட்டட வேலை நடக்கும் இடத்தில் கூடாரம் போட்டுக் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் க்ரெஷஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. கட்டடம் முடிந்தால் காப்பகமும் அடுத்த கட்டடத்துக்குப் போகும். சிமெண்ட் மூட்டைக்கு நாம் முதல் நாளே ஷெட் போடுகிறோம், நனைந்தால் கெட்டுவிடும் என்று.

பெரியப்பாவுக்கு ஒரு பதில் தேடினேன் இல்லையா, அது வங்கதேசத்தில் கிடைத்தது. அங்கே கிராமத்து வீடுகள் உறவுக்காரர்கள் சேர்ந்து குடியிருக்கும் வளவுகள். நம் பெரியப்பா கேட்கிற மாதிரியே, சுற்றிலும் சொந்தம். அத்தனை பேர் இருந்தும், ஒன்றிலிருந்து நாலு வயதுப் பிள்ளைகள் சாவதற்கு அங்கே முதன்மையான காரணம் தண்ணீரில் மூழ்குவது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள குளம், குட்டை. எந்த நேரத்தில் தெரியுமா? பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவில். தாய் அடுப்படியில் இருக்கும் நேரம். ஆண்கள் வயலுக்குப் போயிருப்பார்கள். எல்லோரும் இருக்கிறார்கள், இன்னார் பார்க்கவேண்டும் என்று யாரும் இல்லை. அக்கா வீட்டு வாளி பத்தரை மணி என்று மேலே எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஊருக்குள்ளேயே ஒரு பெண்மணியைப் பழக்கி, அவர் வீட்டிலோ பக்கத்திலோ இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை அந்த நாலு மணி நேரம் மட்டும் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாட்டு, விளையாட்டு, கதவுக்கு ஒரு தடுப்பு. பெரிய செலவு இல்லை. மூழ்கிச் சாகும் ஆபத்து எண்பது சதத்துக்கு மேல் குறைந்தது. அந்தக் காப்பகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் சேலை முந்தானை என்று அர்த்தம்.

நம்மிடமும் அங்கன்வாடி இருக்கிறது. 1975-லிருந்து இருக்கிறது. ஆனால் அக்கா இருக்கிற தெருவில் இரண்டு வயது முடிந்தால் கொண்டுவா என்கிறார்கள். பதினான்கு மாதப் பிள்ளை என்ன செய்யும்? வளர்ந்த பிறகு வாளியில் விழுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அம்மா திருப்பூரிலேயே தங்கினார். ஒரு மாதம் இருந்தார். ஊரில் மாடு இருக்கிறது, அப்பாவுக்குச் சோறு பொங்க ஆளில்லை, திரும்பிவிட்டார். அக்கா என்ன செய்தாள் என்று கேளுங்கள். எதிர் வீட்டு ஒடிசாக்கார அம்மாவோடு ஒரு ஏற்பாடு. அவருக்கும் மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறது. அவருக்கு இப்போது பகல் ஷிப்டும் நைட் ஷிப்டும் வாரம் மாற்றி வருகிறது. பகல் ஷிப்ட் வாரத்தில் அந்தப் பெண் அக்கா வீட்டில். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து தூங்குகிறவரை அந்தப் பெண்ணை அக்காதான் பார்ப்பாள். அக்கா சமைக்கிற ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எங்கள் பையன் அவர் வாசலில். அதன் பிறகு அவர் தூங்கப் போகிறார். காசு இல்லை. அவ்வப்போது ஒரு கிண்ணம் குழம்பு அந்தப் பக்கம், ஒரு கிண்ணம் பருப்பு இந்தப் பக்கம். அவர் குழம்பில் புளி அதிகம் என்கிறார், அக்கா பருப்பில் காரமே இல்லை என்கிறாள். இதெல்லாம் எந்த பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

துணி அலசுகிற வாளி இப்போது கவிழ்த்துத்தான் இருக்கிறது. மச்சான் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போவதை நிறுத்திவிட்டார். பெரியப்பா போன மாதம் வந்து பார்த்துவிட்டு, "யாரோ எவரோ, அவங்ககிட்ட பிள்ளைய விடுறதா?" என்று கேட்டார். அதற்குள் பையன் தத்தித் தத்தி எதிர் வீட்டு வாசலுக்குப் போய் "மௌசி, மௌசி" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒடியாவில் அம்மாவின் கூடப்பிறந்தவளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.